வீடு மாறினால் விலாசமும் மாற வேண்டும்

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் நெல்லைச் சீமைக்காரர். அந்தச் சந்துக்கே அவர் "அண்ணாச்சி".

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் இருப்பது காசு அல்ல, கடிதங்கள். சந்தில் குடியிருந்து, வேறு இடம் போய்விட்டவர்களுக்கு வந்த தபால்கள். பாங்குக் கடிதம், இன்சூரன்ஸ் கடிதம், ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. உரியவர் என்றைக்காவது வருவார், கொடுத்து விடலாம் என்று அண்ணாச்சி எடுத்து வைத்திருக்கிறார்.

சிலர் வருகிறார்கள். பலர் வருவதில்லை.

இப்படி வராமல் போனவர்களில் ஒருவர் கம்பெனி கிளார்க். பெயர் வேண்டாம். தாராவி ரூமைக் காலி செய்து, மனைவி மக்களுடன் டோம்பிவிலிக்குக் குடிபோனார். கட்டில், பீரோ, காஸ் அடுப்பு எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றினார். விலாசத்தை மட்டும் தாராவியிலேயே விட்டுவிட்டார்.

தங்கை கல்யாணத்துக்காக அவர் ஒரு கடன் சொசைட்டியில் பணம் வாங்கி, பின்தேதியிட்ட செக்குகள் கொடுத்திருந்தார். கம்பெனி மாறியபோது சம்பளம் வேறு பாங்குக்குப் போனது. பழைய கணக்கில் பணம் இல்லை. செக் திரும்பியது. சொசைட்டி வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் பழைய ரூமுக்குப் போனது. அங்கே புதிதாகக் குடிவந்தவர், "அந்த ஆள் போய்விட்டார்" என்றார். தபால்காரர் அதையே உறைமேல் எழுதித் திருப்பி அனுப்பினார்.

சில மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் அவருக்கு அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, கோர்ட்டு சம்மனோட போலீஸ்காரரு உம்ம பேரச் சொல்லித் தேடுதாரு. எங்க இருக்கீரு?"

"டோம்பிவிலியில இருக்கேன் அண்ணாச்சி. எனக்கு ஒரு கடுதாசியும் வரலையே!"

"வராம எங்க போச்சு? எல்லாம் இங்கதான் வந்துச்சு!"

சட்டம் சொல்வது

செக் திரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பணம் வரவேண்டியவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் செக் கொடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. கட்டாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி வழக்குத் தொடரலாம். குற்றம் உறுதியானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

"நோட்டீஸ் என் கைக்கு வரவில்லையே" என்று சொல்லித் தப்ப முடியுமா?

சுலபம் அல்ல. 1897-ம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவு, சரியான விலாசம் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படும் வரை, சேர்ந்ததாகவே கருதப்படும் என்கிறது. பழைய விலாசத்தை மாற்றாமல் விட்டவர்தான் கோர்ட்டில் நின்று, "எனக்கு வரவில்லை" என்று நிரூபிக்கப் பாடுபட வேண்டும்.

அதே நேரத்தில் ஒரு வழியும் இருக்கிறது. நோட்டீஸ் கிடைக்கவில்லை என்பவர், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு, வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2007-ல் ஒரு தீர்ப்பில் கூறியிருக்கிறது. டோம்பிவிலி கிளார்க்கைக் காப்பாற்றியது அதுதான். கைமாற்று வாங்கிப் பணத்தைக் கட்டினார். வழக்கு முடிந்தது. ஆனால் வக்கீல் பீசும், லீவு போட்டு இழந்த சம்பளமும் சேர்ந்து, திரும்பிய செக்கின் தொகையைத் தாண்டிவிட்டன.

பதினொரு மாத வாழ்க்கை

மும்பையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது ஒரு தடவை வரும் தொல்லை அல்ல. "லீவ் அண்ட் லைசென்ஸ்" ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடப்படுகிறது. பிறகு வாடகை கூடும். அல்லது வீடு மாறும். இன்று சயான், நாளை கல்யாண், அடுத்து பத்லாப்பூர்.

இதில் தொழிலாளர்கள் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "11 மாதத்துக்கு எதற்கு ரிஜிஸ்தர்? ஸ்டாம்பு பேப்பரில் எழுதினால் போதும்" என்று வீட்டுக்காரர் சொல்வார். அது தவறு. மராட்டிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, 55-வது பிரிவின்படி இந்த ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் தண்டனையும் அவருக்குத்தான்.

பதிவு செய்த ஒப்பந்தமே வாடகைக்காரருக்கு முதல் சாவி. அது கையில் இருந்தால் மற்ற கதவுகள் தாமாகத் திறக்கும். ஆகவே டிபாசிட் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே பதிவையும் கேட்டுப் பெற வேண்டும்.

தபால் ஆபீசுக்கு ஒரு கடிதம்

வீடு மாறும் வாரத்தில் முதல் வேலை, பழைய வீட்டுக்குத் தபால் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீசுக்குப் போவது. இன்ன பெயருக்கு வரும் தபால்களை இன்ன புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்பவும் என்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் நாலு பேர் இருந்தால் நாலு பெயரையும் குறிப்பிட்டு, அவரவர் கையெழுத்தும் வாங்கிக் கொடுப்பது நல்லது.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. இந்த ஏற்பாடு குறிப்பிட்ட காலத்துக்குத்தான், என்றென்றைக்கும் அல்ல. அடுத்து, இது தபால் இலாகாவை மட்டுமே கட்டுப்படுத்தும். கூரியர்காரர் பழைய வாசலுக்குத்தான் வருவார். பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பின்கோடும் முக்கியம். 1972 ஆகஸ்டு 15-ந் தேதி நாட்டில் பின்கோடு முறை வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதிய விலாசங்கள் என்று தபால் பிரிப்பவர்கள் தவித்த காலம் அது. ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் மண்டலத்தைக் காட்டும். மராட்டியத்துக்கு 4, தமிழ்நாட்டுக்கு 6. கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீசைக் காட்டும். தாராவி 400017, டோம்பிவிலி கிழக்கு 421201. தெருவை மாற்றி எழுதிவிட்டுப் பின்கோடைப் பழையபடியே விட்டால், கடிதம் பழைய ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வரும்.

அடுத்தது ஆதார்

ஆதாரில் விலாசத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். போன் நம்பர் ஆதாருடன் இணைந்திருந்தால், பதிவு செய்த ஒப்பந்தத்தை வைத்து வீட்டிலிருந்தே மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் ஆதார் மையத்துக்குப் போக வேண்டும்.

ஒப்பந்தம் கணவர் பெயரில் இருக்கும். மனைவி, மக்கள், ஊரிலிருந்து வந்து தங்கிய தாயார் ஆகியோர் என்ன செய்வது? 2023 ஜனவரியில் இதற்கு வழி செய்யப்பட்டது. குடும்பத் தலைவரின் ஆதார் விலாசத்தையே மற்றவர்களும் பெறலாம். உறவைக் காட்டும் சான்று வேண்டும். விண்ணப்பம் போன பிறகு 30 நாளுக்குள் குடும்பத் தலைவர் சம்மதம் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் முடிந்து போகும்.

ஆதாரில் மாற்றியதும் எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மாறாது. பாங்கு, இன்சூரன்ஸ், கம்பெனி, கடன் சொசைட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததற்குக் கையோடு ரசீதோ, நகலில் முத்திரையோ வாங்கிக் கொள்ள வேண்டும். பின்னால் தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இன்சூரன்சும் ஊர்க் கணக்கும்

ஆயுள் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்குத் தவணை தேதிக்குப் பிறகு சலுகை நாள் உண்டு. மாதத் தவணைக்கு 15 நாள். மற்றவற்றுக்கு 30 நாள். நினைவூட்டுக் கடிதம் பழைய வீட்டில் கிடக்க, சலுகை நாளும் தாண்டிவிட்டால் பாலிசி காலாவதியாகலாம். அந்த நேரத்தில் வீட்டுத் தலைவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பல வருடம் கட்டிய பாலிசியின் முழுத் தொகை குடும்பத்துக்குக் கிடைக்காமல் போகலாம். நாமினியின் விலாசத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஊரில் விட்டுவந்த பாங்குக் கணக்கையும் நினைக்க வேண்டும். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ ஒரு பாஸ்புத்தகம் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாவிட்டால் அந்தக் கணக்கு இயங்காத கணக்காகிவிடும். 10 ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் பாங்கின் தனி நிதிக்கு மாற்றப்படும். பணம் பறிபோகாது, உரியவரோ வாரிசோ பாங்கில் கேட்டுப் பெறலாம். ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் யார் கேட்பது? இத்தகைய பணத்தைத் தேடிப் பார்க்க ரிசர்வ் பாங்கு 2023 ஆகஸ்டில் "உத்கம்" என்ற இணையதளத்தைத் தொடங்கியது.

ஓட்டு ஓரிடத்தில்தான்

வாக்காளர் பட்டியலில் விலாசம் மாற்ற 8-ம் எண் படிவம். 2022 ஆகஸ்டு முதல், தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்குப் போனாலும் இந்த ஒரே படிவம்தான். 6-ம் எண் படிவம் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டுமே.

ஊரிலும் ஓட்டு, மும்பையிலும் ஓட்டு என்று வைத்திருப்பது சட்டப்படி கூடாது. ஒருவர் ஒரு தொகுதியில்தான் பதிவு செய்யலாம். பொய்யான தகவல் கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் எந்த ஊரில் ஓட்டு வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்து, அங்கே பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது நல்லது.

வண்டி, காஸ், ரேஷன்

ஸ்கூட்டரோ ஆட்டோவோ வைத்திருப்பவர்கள், விலாசம் மாறிய 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

வேறு ஊருக்குப் போகும்போது காஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, மாற்றுச் சீட்டும் டிபாசிட் பணமும் வாங்கிக் கொள்ள வேண்டும். புது ஊரில் அந்தச் சீட்டைக் காட்டினால் இணைப்பு கிடைக்கும்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் ரேஷன் கார்டு என்றால், ஊர்க் கார்டை வைத்தே மும்பை ரேஷன் கடையில் மத்திய அரசின் தானியத்தை வாங்கலாம். தமிழ்நாடு அரசு தனியாகத் தரும் பொருள்கள் இங்கே கிடைக்காது.

பழைய தாள்களை எறியாதீர்கள்

புது விலாசம் வந்துவிட்டது என்று பழைய தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக் கூடாது. குடிசைப் பகுதிகளில் இலவச மறுவாழ்வு வீட்டுக்கு 1-1-2000 என்ற தேதியை வைத்துத் தகுதி பார்க்கிறார்கள். அதற்கு முன்பே அங்கே குடியிருந்ததைக் காட்டப் பழைய மின்சார பில், பழைய வாக்காளர் பட்டியல் நகல் போன்றவைதான் கைகொடுக்கும். நடப்பு விலாசம் நிகழ்காலத்துக்கு. பழைய தாள் உரிமைக்கு. இரண்டும் வேண்டும்.

கடைசியாக, காசு செலவில்லாத வேலை ஒன்று. புது விலாசத்தையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி, பழைய வீட்டுக்குப் பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஊருக்கும் ஒரு கார்டு போட வேண்டும்.

டோம்பிவிலி கிளார்க் இப்போது அதைச் செய்துவிட்டார். அவருடைய விலாசச் சீட்டு அண்ணாச்சியின் டின் மூடியில் ஒட்டியிருக்கிறது.

டின்னுக்குள் இன்னும் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்களுடையதாகக்கூட இருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய தெருப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.