வீட்டுச் சாடியில் மிளகாயும் அழுக்கணவனும்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக நம் பக்கம் வந்த மிளகாய், இன்று அடுக்களையில் பிறந்தவீட்டு உரிமை கொண்டாடுகின்றது. தீவுப்பகுதியில் அதனைச் சாடியில் நட்டு, விறாந்தையிலோ சாளரத்தின் ஓரத்திலோ வளர்ப்போர் உளர். காரணம் வெளிப்படை. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களிற் பலவிடத்தும் மண் ஆழமற்றது, அடியிற் சுண்ணாம்புக்கல், கிணறுகளிற் பல உவர். வைகாசி பிறந்தால் சோளகக் காற்று கடலுப்பையும் சுமந்து வீசும். நல்ல நீர் அரிதான இடத்தில் ஒரு கன்றைக் காப்பது எளிதன்று.

அக்கன்றின் கொழுந்து சுருண்டு, இலையிற் பிசுபிசுப்புத் தோன்றுமாயின், இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்திற் பச்சையாகவோ கருமையாகவோ நெருங்கியிருக்கும் சிறு பூச்சிகளே அழுக்கணவன். தமிழ்நாட்டார் இதனை அசுவினி என்பர். நம் போன்ற வெப்பநாடுகளிற் பெண்பூச்சி ஆணின்றியே குஞ்சு பொரித்தாற்போல உயிருள்ள இளம்பூச்சிகளை ஈனும். அவை ஏறத்தாழ ஒரு வாரத்திற் தாமும் தாயாகிவிடும். வெளியிலுள்ள செடியை மழை கழுவும். பொறிவண்டின் புழுவோ நூற்றுக்கணக்கில் இப்பூச்சியைத் தின்று தீர்க்கும். வீட்டினுள் மழையுமில்லை, பொறிவண்டுமில்லை. பகைவரற்ற கோட்டையுட் புகுந்த படையே இது.

எறும்பு மாத்திரம் தவறாது வரும். அழுக்கணவன் கழிக்கும் இனிப்பு நீரை உண்பதற்காக, அது அப்பூச்சியை மாடு மேய்ப்பதுபோல் காக்கின்றது. உணவு அலுமாரியின் காலுக்கு நீர்க்கிண்ணம் வைக்கும் நம் வழக்கத்தைச் சாடிக்கும் கைக்கொள்ளலாம். அகன்ற தட்டில் நீர் வார்த்து, நடுவில் ஒரு கல்லிட்டு, அதன்மேற் சாடியை வையுங்கள். அந்நீர் உவராயினும் குற்றமில்லை.

பூச்சி சிலவேயாயின் விரலால் நசுக்குவதே போதும். மிகுந்திருப்பின் சவர்க்காரநீர் நல்லது. இங்கேதான் தீவகத்தார் கவனிக்கவேண்டிய செய்தி உண்டு. நம் கிணற்றுநீர் வன்னீர். சுண்ணாம்பு மிகுந்த அந்நீரிற் சவர்க்காரம் நுரைக்காது. தயிர்போலத் திரிந்து பயனற்றுப் போகும். உவர்நீரோ இலையையே கருக்கிவிடும். ஆகவே மாரியிற் சேமித்த மழைநீரே வேண்டும். ஒரு லீற்றர் போதும். குடிநீரிற் பெரும்பங்கு கேட்கும் வேலையன்று. அதிற் சாதாரண சவர்க்காரச் சீவல் 5 கிராம் கரைத்து, முதலில் ஓரிலையில் மட்டும் தெளித்து ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். இலை வாடாவிடின், மாலைவேளையில் இலையடி முழுவதும் நனையத் தெளிக்கலாம். பூச்சியின் உடலில் நேரே படாத சவர்க்காரநீர் கொல்லாது. உலர்ந்தபின் அதற்கு வலிமையுமில்லை. ஆதலால் ஐந்து நாளுக்கொருமுறை, மும்முறையேனும் தெளித்தல் வேண்டும். சலவைத்தூள் கூடாது, அது இலையைப் பொசுக்கும்.

வேப்பங்கொட்டை கிடைக்குமாயின், பருப்பை 50 கிராம் இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடித்துத் தெளிப்பதும் நன்று. இது உடனே கொல்லாது. பூச்சியின் தீனியையும் வளர்ச்சியையும் தடுக்கும். பொறுமையற்றோர் மறுநாளே குறைகூறுவர்! வடித்த சாற்றை அன்றே பயன்படுத்துக.

அடுப்புச் சாம்பலைத் தூவுவது முன்னோர் வழக்கம். தோட்டத்தில் அது பொருந்தலாம். சாடியிலோ, ஏற்கனவே காரமான நம் மண்ணைச் சாம்பல் மேலும் காரமாக்கும். யூரியாவையும் அள்ளியிடாதீர்கள். அதனால் எழும் மென்கொழுந்தே அழுக்கணவனுக்கு விருந்து.

பூச்சி ஒழிந்த பின்னரும் முன்பு சுருண்ட இலை நிமிராது. புதிய தளிரையே நோக்கவேண்டும். அத்தளிரும் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாய்ச் சுருங்கி வருமாயின், அழுக்கணவன் நச்சுயிரி நோயைப் பரப்பிவிட்டதெனக் கருதலாம். அதற்கு மருந்தில்லை. அச்செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அடுத்த கன்றை வேறு சாடியில், வேறு மண்ணில் நடுங்கள்.