நீச்சலுடை வாங்கும்போது

கடையில் கச்சிதமாக இருந்த நீச்சலுடை, குளத்தில் இறங்கியதும் தொளதொளவென்று ஆகிவிடுகிறதா? நனைந்த துணி சற்றுத் தளரும். எனவே போட்டுப் பார்க்கும்போது உடலோடு ஒட்டி இருப்பதே சரியான அளவு. தோளில் தடம் பதிந்தால் அது அதிக இறுக்கம்.

பலரும் மார்பு, இடுப்புச் சுற்றளவை மட்டும் பார்க்கிறார்கள். ஒற்றை உடையில் அதைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. தோளில் தொடங்கி, முன்பக்கமாகக் கால்களுக்கு இடையே போய், முதுகு வழியாக அதே தோளுக்குத் திரும்பும் நீளம் அது. நெடிய உடல்வாகு உள்ளவர்களுக்கு இது போதாவிட்டால் பட்டை தோளை அறுக்கும். அவர்களுக்கு மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்த உடை நிம்மதி தரும்.

மார்பு கனத்தவர்களுக்கு அகலமான பட்டை நல்லது. இடுப்பு அகன்றவர்கள் மேலே பளிச்சென்ற நிறமும் கீழே அடர்நிறமும் எடுத்தால் பார்வை மேலே போகும்.

உடலை முழுக்க மறைத்துக்கொண்டு நீந்த விரும்பும் பெண்களும் உண்டு. அவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் அஹெடா ஸனெட்டி 2004இல் புர்கினி என்ற நீச்சலுடையை வடிவமைத்தார். கூச்சமின்றித் தண்ணீரில் இறங்க வைக்கும் எந்த உடையும் அழகான உடைதான்.

துணியையும் கவனியுங்கள். குளத்துக் குளோரின், துணிக்கு நெகிழ்வு தரும் ஸ்பாண்டெக்ஸ் இழையைத் தளர்த்திவிடும். பாலியெஸ்டர் அதிகம் கலந்தது நெடுநாள் உழைக்கும். நீந்தியதும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.