இணையத் தணிக்கையும் உள்ளடக்க வடிகட்டலும்

மக்கள் இணையத்தில் எதை வாசிக்கலாம், எதை வெளியிடலாம் என்பதை அரசாங்கம் கட்டுப்படுத்துவது இணையத் தணிக்கை எனப்படும். குறித்த தளங்களையோ சொற்களையோ தெரிந்தெடுத்துத் தடுக்கும் தொழினுட்பம் வடிகட்டல் ஆகும். பாடசாலைக் கணினிக் கூடத்தில் சிறுவர்க்கு ஒவ்வாத தளங்களைத் தடுப்பதும் வடிகட்டலே. ஆனால் நாடு முழுவதற்கும் அது விதிக்கப்படும்போது குடிமக்களின் உரிமை சம்பந்தப்படுகிறது.

தடுக்கும் முறைகள்

1. ஆள்களப் பெயர்த் தடை: இணையத்தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தர சேவை வழங்குநரின் கணினி மறுக்கும்.
2. ஐ.பி. முகவரித் தடை: அதே முகவரியிலுள்ள வேறு தளங்களும் தடைப்படலாம்.
3. சொல் வடிகட்டல்: குறித்த சொற்கள் அடங்கிய பக்கங்கள் தடுக்கப்படும். சீனாவில் இம்முறையும் கையாளப்படுகிறது.
4. முழுத் துண்டிப்பு: எகிப்தில் 2011 சனவரியிலும், காஷ்மீரில் 2019 ஆகஸ்ட்டிலும் இணையமே துண்டிக்கப்பட்டது.

இலங்கையின் அனுபவம்

2007 யூனில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கையில் தடுக்கப்பட்டது. 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்டு, யாழ். குடாநாடு தரைவழித் தொடர்பை இழந்திருந்த காலம் அது. குடாநாட்டைப் பற்றி அத்தளம் வெளியிட்ட செய்திகளை லண்டனில் வாசிக்க முடிந்தது; யாழ்ப்பாணத்தில் முடியவில்லை. 2015 சனவரி ஆட்சி மாற்றத்தின் பின்னர் அத்தடை நீக்கப்பட்டது.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியன சுமார் ஒரு வாரம் தடுக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சும் வதந்தியும் பரவுவதைத் தடுப்பதே கூறப்பட்ட காரணம். ஆனால் உறவினரின் நலம் விசாரிக்கவும், வதந்தியை மறுக்கவும் முயன்றோரும் அதனால் பாதிக்கப்பட்டனர். 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களின் பின்னரும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன.

பொருளாதார நெருக்கடிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டிருந்த 2022 ஏப்ரல் 3 இல், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் சமூக ஊடகங்கள் மீண்டும் தடுக்கப்பட்டன. கடும் எதிர்ப்பினால் அன்றே தடை நீங்கியது.

எவ்வாறு மதிப்பிடுவது?

எமது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தையும் வழங்குகிறது. இன, மத நல்லிணக்கம், தேசிய பாதுகாப்பு போன்றவற்றுக்காகச் சட்டத்தின் மூலம் அதனை மட்டுப்படுத்த 15 ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. எனவே எந்தத் தடையைப் பற்றியும் மூன்று வினாக்களை எழுப்புக:

• அதற்குச் சட்ட ஆதாரம் உண்டா? உத்தரவு பகிரங்கப்படுத்தப்பட்டதா?
• கூறப்படும் காரணம் உண்மையானதா?
• தடையின் அளவும் காலமும் தேவைக்கு மிஞ்சாதனவா?

இணையத் துண்டிப்பு உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும் என 2020 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் காஷ்மீர் வழக்கில் தீர்ப்பளித்தது. காரணம் தெளிவு: உத்தரவு மறைவாக இருப்பின் குடிமகன் அதனை நீதிமன்றில் எதிர்க்க இயலாது. இலங்கையின் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் இவ்வினாக்களைக் கொண்டே ஆராய்க.

கவனிக்க: தணிக்கை முற்றிலும் நன்று அல்லது தீது என ஒரு வரியில் விடையை முடிக்காதீர்கள். உதாரணமும் ஆண்டும் தந்து காரணம் காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. இணையத்தளங்களைத் தடுக்கும் முறைகள் இரண்டைக் குறிப்பிடுக.
2. 2007, 2018 ஆம் ஆண்டுகளின் தடைகளை மேற்கூறிய மூன்று வினாக்களின் அடிப்படையில் ஒப்பிடுக.