எது எதைச் சார்ந்தது?

பதுளையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சிறிது தூரத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை கண்ணில் படும். நம்மில் பலருக்கு அது வாசனையால் பழகிய இடம். சிலருக்குத் தாயோ தந்தையோ வேலை செய்யும் இடம். அங்கே கொழுந்தை நிறுப்பார்கள், வாட்டுவார்கள், உருட்டுவார்கள், நொதிக்க விடுவார்கள், உலர்த்துவார்கள், கடைசியில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். சலிக்கும்போது சல்லடை பிழையாக மாட்டப்பட்டிருந்தால் அதைச் சரிசெய்து மீண்டும் சலித்தால் போதும். அதற்காக யாரும் மறுபடி மலையேறிக் கொழுந்து பறிப்பதில்லை. ஆனால் வாட்டும்போது தவறு நேர்ந்தால் அதற்குப் பின்வரும் எல்லாப் படிகளையும் அது பாதிக்கும்.

எது எதைச் சார்ந்தது என்று தெரிந்தவருக்கு எதைத் திரும்பச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதும் தெரியும். இந்த அறிவைக் கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும் கருவியே ‘கட்டுமான முறைமை’. பெரிய மென்பொருள் ஒன்று ஆயிரக்கணக்கான கோப்புகளால் ஆனது. மனிதர் எழுதும் மூல நிரலைத் தொகுப்பி இயந்திரத்துக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அப்படி மாறிய துண்டுகள் ஒன்றாக இணைக்கப்பட்டு மென்பொருளாகின்றன. ஒரு வரி மாறும்போதெல்லாம் முழுவதையும் முதலிலிருந்து செய்தால் நேரம் வீணாகும். எதையாவது செய்யாமல் விட்டாலோ பழைய துண்டு உள்ளே தங்கிவிடும்.

பழைய துண்டு தங்கினால் என்ன ஆகும்? இம்மலரையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கவிதையும் கட்டுரையும் தனித்தனிக் கோப்பு. அவற்றிலிருந்து பக்கங்கள், பக்கங்களிலிருந்து பொருளடக்கம், எல்லாம் சேர்ந்து அச்சுக்குப் போகும் கோப்பு. கடைசி நாளில் ஒரு சகோதரியின் பெயரில் எழுத்துப் பிழை இருப்பதைக் கண்டு கவிதைக் கோப்பில் திருத்திவிட்டோம் என்று வைப்போம். ஆனால் பக்கத்தை மீண்டும் ஆக்க மறந்துவிட்டோம். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. நாம் திருத்திவிட்டதாகவே நம்புவோம். எல்லாப் பிரதிகளிலும் அவளுடைய பெயர் பிழையாகவே அச்சாகும்.

இதே போன்ற ஒரு மறதியிலிருந்துதான் முதல் புகழ்பெற்ற கட்டுமான முறைமை பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவ் ஜோன்சன் என்பவர் ஒரு காலைப்பொழுது முழுவதும் தமது செய்நிரலில் பிழை தேடினார். பிழையோ ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாததால் பழைய துண்டே ஓடிக்கொண்டிருந்தது. அவர் சலித்துக்கொண்டதைக் கேட்ட சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். கோப்பு ஒவ்வொன்றும் எவற்றைச் சார்ந்தது என்று நாம் எழுதிக் கொடுத்தால், கடைசியாக மாற்றிய நேரங்களை ஒப்பிட்டுத் தேவையானதை மட்டும் மேக் திரும்ப ஆக்கும். இதற்காக ஃபெல்ட்மனுக்கு 2003 ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் முறைமை விருது கிடைத்தது. மேக் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

ஆனாலும் மேக்குக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பொருள் எவற்றைச் சார்ந்தது என்பதை, அதை ஆக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லா வேலையும் அப்படி அமைவதில்லை. ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசும். ஈரமான நாளில் பறித்த கொழுந்துக்கும் காற்றுக் காலத்தில் பறித்த கொழுந்துக்கும் வாட்டும் நேரம் ஒன்றல்ல. டீ மேக்கர் இலையைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் தீர்மானிப்பார். மலரிலும் அப்படித்தான். எந்த ஆக்கங்கள் சேர்கின்றன என்பது ஆசிரியர் குழுவின் தெரிவுப் பட்டியலைத் திறந்து பார்த்த பின்பே தெரியும்.

இங்கேதான் சார்புமுறைச் செய்நிரலாக்கம் உதவிக்கு வருகிறது. கணித பாடத்தில் நாம் படிக்கும் ‘சார்பு’தான் இது. ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரு விடை வரும், அதே எண்ணுக்கு எப்போதும் அதே விடை. செய்நிரலையும் இத்தகைய சார்புகளால் கட்டும் மொழிகளுள் ஒன்று ஹாஸ்கெல். அதன் முதல் வரையறை 1990 இல் வெளிவந்தது. தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கறியின் பெயரே மொழிக்கு இடப்பட்டது. தமிழில் ஒரு சிறப்பைக் கவனியுங்கள். கணிதத்தின் சார்பும், ‘இது அதைச் சார்ந்தது’ என்னும்போது நாம் சொல்லும் சார்பும் ஒரே சொல். தூய சார்பு தனக்கு வேண்டியதையெல்லாம் வெளிப்படையாகவே பெற்றுக்கொள்ளும், மறைவாக வேறெதையும் பார்க்காது. கட்டுமான முறைமை நம்மிடம் கேட்பதும் அதே வெளிப்படைத் தன்மையைத்தான்.

நீல் மிட்செல் என்பவர் ஹாஸ்கெலில் ‘ஷேக்’ என்ற செய்நிரல் நூலகத்தை எழுதி, அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2012 இல் வெளியிட்டார். மேக்குக்குத் தனி எழுத்து முறை உண்டு, கட்டளை வரியை டாப் விசை அழுத்தித்தான் தொடங்க வேண்டும் என்பது போன்ற விதிகளும் உண்டு. ஷேக்கோ தனி மொழியன்று, ஒரு நூலகம். ஆகவே ஹாஸ்கெலில் உள்ள பட்டியல், நிபந்தனை, சார்பு எல்லாவற்றையும் கொண்டே விதிகளை எழுதலாம். பத்து விதிகள் ஒரே மாதிரி இருந்தால் ஒரு சார்பை எழுதிப் பத்து முறை அழைத்தால் போதும்.

ஷேக்கின் உயிர் ‘நீட்’ என்ற சிறு கட்டளை. ‘இது எனக்கு வேண்டும்’ என்பது அதன் பொருள். பொருளடக்கத்துக்கான விதியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: தெரிவுப் பட்டியல் எனக்கு வேண்டும். அதைத் திறந்து வாசி. அதில் உள்ள ஒவ்வோர் ஆக்கத்தின் பக்க எண்ணும் எனக்கு வேண்டும். பின்பு பொருளடக்கத்தை எழுது. இரண்டாவது ‘வேண்டும்’ முதலாவதன் விடையைப் பார்த்த பிறகே பிறக்கிறது. கேட்டது ஆயத்தமாகும்வரை ஷேக் அந்த விதியை நிறுத்திவைத்துப் பிறகு தொடரும். எது எதைக் கேட்டது என்பதைக் குறித்தும் வைத்துக்கொள்ளும். மறுமுறை அந்தக் குறிப்பைப் பார்த்து மாறியதை மட்டும் செய்யும்.

இன்னொரு வசதியும் உண்டு. கவிதையில் ஓர் எழுத்தைத் திருத்தினால் அதன் பக்கத்தை மீண்டும் ஆக்க வேண்டும். ஆனால் பக்க எண் மாறவில்லை என்றால் பொருளடக்கத்தைத் தொட வேண்டியதில்லை. விடை மாறாத இடத்தில் வேலையும் நின்றுவிடும். 2018 இல் அந்திரே மொக்கோவ், நீல் மிட்செல், சைமன் பெய்டன் ஜோன்ஸ் ஆகிய மூவரும் இத்தகைய முறைமைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். அதில் எக்செல் விரிதாளையும் ஒரு கட்டுமான முறைமையாகவே அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒரு கலத்தில் புள்ளியை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகையும் சராசரியும் தாமே மாறுவதை நாம் பாடசாலைக் கணினிக் கூடத்தில் பார்த்திருக்கிறோம் அல்லவா?

இவ்வளவு இருந்தும் ஷேக் நம் மனதை அறியாது. அதிபரின் செய்திப் பக்கத்தில் பாடசாலைச் சின்னத்தின் படம் இருக்கிறது. அந்தப் படம் வேண்டும் என்று விதியில் எழுதாமல் விட்டால், சின்னம் மாறினாலும் பக்கம் மாறாது. சொல்லாத சார்புகளைத் தேடிப் பார்க்க ஷேக்கில் சோதனை வழிகள் உண்டு. ஆனாலும் உண்மையை முழுமையாகச் சொல்லும் பொறுப்பு எழுதுபவருடையதே. அது ஓர் அமானிதம் போன்றது. நாம் மறைத்தது உடனே தெரியாது. வேறொருவருடைய வேலை கெட்ட பின்புதான் தெரியவரும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் சகோதரிகள் ஷேக்கை இலவசமாகவே பெற்றுப் பழகலாம். கணினி கிடைக்காதவர்களும் இன்றே தொடங்கலாம். ஒரு தாளை எடுத்து, அடுத்த மலருக்கு வேண்டிய ஒவ்வொரு கோப்பின் பெயரையும் எழுதி, எது எதைச் சார்ந்ததோ அதை நோக்கி ஓர் அம்புக்குறி வரையுங்கள். கடைசி நாளில் ஒரு பெயர் திருத்தப்பட்டால் எந்தப் பக்கங்களை மீண்டும் ஆக்க வேண்டும் என்று அந்த அம்புகள் சொல்லும். எந்தச் சகோதரியின் பெயரும் பிழையாக அச்சாகாது.