பெயர் எழுதாதே, தம்பி!

"காசு கொடுக்காமல் இணையத்தில் பாட்டு இறக்கியது உண்டா?"

குறிஞ்சிப்பாடி தறி வீடுகளில் ஒரு கல்லூரி மாணவர் இப்படிக் கேட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஆராய்ச்சிக்காக. ஆனால், உண்மையைச் சொன்னவர் கதி என்ன?

6¾ லட்சம் டாலர்!

இது விளையாட்டு அல்ல. ஜோயல் டெனன்பாம் என்பவர் அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழக மாணவராக இருந்தவர். 30 பாட்டுகளை இணையத்தில் இறக்கிப் பகிர்ந்தார் என்று இசைத்தட்டுக் கம்பெனிகள் அவர் மீது வழக்குப் போட்டன. 2009-ல் ஜூரிகள் சொன்ன நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? 6 லட்சத்து 75 ஆயிரம் டாலர்!

நமது சட்டம்

நம் நாட்டில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. தெரிந்தே உரிமையை மீறினால் 3 ஆண்டு வரை ஜெயில் விதிக்கலாம். சொந்த ஆராய்ச்சிக்கு நியாயமான அளவில் பயன்படுத்த அதே சட்டம் இடம் தருகிறது. ஆனால், ஊருக்கெல்லாம் அனுப்புவது ஆராய்ச்சி ஆகாது!

மாணவர் செய்யவேண்டியது

முதலில், கேட்கும் காரணத்தைச் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும். "சொல்லமாட்டேன்" என்றால் விட்டுவிட வேண்டும். பெயர், வீடு, டெலிபோன் நம்பர் எதையும் குறிக்கக்கூடாது.

நம்பிச் சொன்னவரைக் காப்பது மாணவரின் கடமை. எழுதாத பெயரை எந்தக் கோர்ட்டும் ஏட்டிலிருந்து எடுக்க முடியாது!