ஆண் நாயின் பாலியல் முதிர்ச்சி

ஆண் நாயின் பாலியல் முதிர்ச்சி என்பது, ஓர் ஆண் நாய் இனப்பெருக்கம் செய்யும் திறனை அடையும் வளர்ச்சி நிலை ஆகும். பெரும்பாலான நாய்கள் 6 முதல் 12 மாத வயதிற்குள் இந்நிலையை அடைகின்றன. சிறிய இனங்கள் விரைவாகவும், மிகப் பெரிய இனங்கள் தாமதமாகவும் முதிர்கின்றன. பாலியல் முதிர்ச்சி பெற்ற நாய் உடலளவிலும் மனத்தளவிலும் முழு வளர்ச்சி பெற்றுவிட்டதாகக் கொள்ள இயலாது.

உடல் மாற்றங்கள்

குட்டியின் விரைகள் பொதுவாக இரண்டு மாத வயதிற்குள் விரைப்பையினுள் இறங்கிவிடும். 6 மாதம் கடந்தும் இறங்காவிடில் அது இறங்கா விரை எனப்படும். இது மரபுவழி வருவது. வயிற்றினுள் தங்கிய விரையில் புற்றுக்கட்டி தோன்றும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் அதனை அகற்றுமாறும், அந்நாயை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்த வேண்டாம் என்றும் கால்நடை மருத்துவர்கள் அறிவுறுத்துவர்.

முதிர்ச்சியின்போது விரைகள் டெசுட்டோசுட்டிரோன் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கின்றன. விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். பெட்டை நாய்க்கு இருப்பது போன்ற பருவச் சுழற்சி ஆண் நாய்க்கு இல்லை. அது ஆண்டு முழுவதும் இணைசேரும் திறனுடையது.

நடத்தை மாற்றங்கள்

காலைத் தூக்கிச் சிறுநீர் கழித்து எல்லை குறித்தல், பிற நாய்கள் மீதோ பொருட்கள் மீதோ ஏறுதல், பருவமடைந்த பெட்டையின் மணத்தைத் தேடி வீட்டை விட்டு ஓடுதல், பிற ஆண் நாய்களுடன் சண்டையிடுதல் ஆகியன பொதுவாகக் காணப்படுபவை. முன்னர் கற்ற கட்டளைகளுக்குக் கீழ்ப்படியாமையும் உண்டு. இவை இயல்பான வளர்ச்சியின் கூறுகளே. இவற்றிற்காக நாயை அடிப்பதால் அச்சமும் கடிக்கும் இயல்புமே வளரும். போதிய உடற்பயிற்சி, தொடர்ச்சியான பயிற்சி, வெளியில் கயிற்றுடன் அழைத்துச் செல்லுதல் ஆகியன பயன் தரும்.

இணைசேரும்போது ஆண்குறியின் அடியிலுள்ள குமிழ் வீங்குவதால் இரு நாய்களும் 5 முதல் 30 நிமிடங்கள் வரை பிணைந்திருக்கும். கல்லெறிந்தோ நீரூற்றியோ பிரிக்க முயன்றால் இரண்டும் காயமடையக்கூடும். அவை தாமாகவே பிரியும்.

காயடித்தல்

விரைகளை அறுவை மருத்துவம் மூலம் அகற்றுதல் காயடித்தல் எனப்படும். இதனால் அலைதல், ஏறுதல், வீட்டினுள் சிறுநீர் கழித்தல் ஆகியன பல நாய்களில் குறைகின்றன. விரைப் புற்றுநோய் வராது. முதிய நாய்களில் பரவலாகக் காணப்படும் முன்னிற்குஞ்சுரப்பி வீக்கமும் தவிர்க்கப்படும். அச்சத்தால் எழும் மூர்க்கம் இதனால் குறைவதில்லை. சில நாய்களில் அது கூடவும் செய்யலாம்.

இதற்கேற்ற வயது எல்லா இனங்களுக்கும் ஒன்றல்ல. கோல்டன் இரெட்ரீவர் இனத்தில் ஓராண்டிற்கு முன் காயடித்த நாய்களுக்கு மூட்டு நோய்கள் மிகுந்திருந்ததை 2013 ஆம் ஆண்டில் வெளியான கலிபோர்னியாப் பல்கலைக்கழக (டேவிசு) ஆய்வு காட்டியது. எனவே பெரிய இனங்களில் எலும்பு வளர்ச்சி நிறைவடையும் வரை காத்திருப்பது வழக்கமாகி வருகிறது. காயடித்த நாயின் உணவுத் தேவை குறைவதால், உணவளவைக் குறைக்காவிடில் உடல் பருக்கும். அறுவைக்குப் பின்னும் குழாய்களில் விந்தணுக்கள் எஞ்சியிருக்கும். ஆதலால் சில வாரங்கள் பெட்டை நாய்களிடமிருந்து விலக்கி வைத்தல் வேண்டும்.

தோலடியில் வைக்கப்படும் தெசுலோரெலின் மருந்து, இயக்குநீர்ச் சுரப்பைத் தற்காலிகமாக நிறுத்தும் மாற்று வழியாகும். அதன் விளைவு மருந்தின் அளவைப் பொறுத்து ஏறத்தாழ 6 அல்லது 12 மாதங்கள் நீடிக்கும்.

பால்வழி நோய்

தெரு நாய்கள் மிகுந்த இடங்களில் பரவும் பால்வினைக் கட்டி, இணைசேரும்போது நோயுற்ற நாயின் உயிரணுக்களே நேரடியாக ஒட்டி வளர்வதால் உண்டாகிறது. குறியிலிருந்து குருதி சொட்டுதல் இதன் முதன்மை அறிகுறி. வின்கிரிசுட்டின் மருந்தால் பெரும்பாலும் குணமாகும்.

இந்தியாவில்

தெரு நாய்களின் எண்ணிக்கையைக் கொல்லாமல் கட்டுப்படுத்தும் பொருட்டு, அவற்றிற்கு இனப்பெருக்கத் தடை அறுவையும் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியும் அளிக்க 2001 ஆம் ஆண்டில் விதிகள் இயற்றப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஓர் ஆண் நாய் பல பெட்டைகளுடன் இணையக்கூடும். ஆகையால் ஆண் நாய்களை மட்டும் காயடிப்பது போதாது. பெட்டை நாய்களுக்கும் அறுவை செய்வது இன்றியமையாதது.