அந்த 6,000 மின்னஞ்சல்கள் எங்கே போயின?

என்னிடம் அறிவியல் படித்த மாணவி ஒருவர் இப்போது கிள்ளானில் வீடு விற்கும் முகவராக இருக்கிறார். சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோமினியம் வீட்டை விற்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. கே.எல். சென்ட்ரலுக்கு நடந்தே போய்விடலாம். யாரோ ஒருவரிடம் 6,000 மின்னஞ்சல் முகவரிகள் கொண்ட பட்டியலை 150 ரிங்கிட்டுக்கு வாங்கினார். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித் தரும் இணையச் சேவை ஒன்றில் அதை ஏற்றினார். ஒரே தட்டில் 6,000 மடல்களும் கிளம்பிவிட்டன.

ஒருவர்கூட அழைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தச் சேவை அவருடைய கணக்கை முடக்கியது. அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. வேறொரு வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய்க் காத்திருந்த ஒரு குடும்பத்துக்கு, விலை விவரத்தைத் தனி மடலாக அனுப்பியிருந்தார். அதுவும் ஸ்பேம் பெட்டியில் விழுந்தது. அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"நான் ஒரு பொய்கூட எழுதலையே டீச்சர், எனக்கு ஏன் இப்படி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

மாணவர்களே, இதற்குப் பதில் தேட மின்னஞ்சல் பிறந்த காலத்துக்குப் போக வேண்டும். 1971-இல் அமெரிக்கப் பொறியியலாளர் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பினார். நாம் இன்றும் முகவரியில் போடும் '@' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறைதான் இன்றும் மடல்களைச் சுமந்து செல்கிறது. அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அனுப்புநர் யார் என்று மடல் சொல்லும். அது உண்மையா என்று அந்த விதிமுறை கேட்பதே இல்லை. கடித உறையின் பின்பக்கம் யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பது போலத்தான். அந்த நாளில் வலையமைப்பில் இருந்தவர்கள் மிகச் சிலர். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கையை முதலில் சோதித்தது ஒரு விற்பனை மடல். 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்யூப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், அர்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்குத் தம் புதிய கணினிகளைப் பார்க்க வரச் சொல்லி ஒரே மடலை அனுப்பினார். பலர் கொதித்துப் போனார்கள். ஆனால் அந்த மடலால் விற்பனை கூடியது என்று அவர் பின்னாளில் சொன்னார். தொல்லை தொடர்வதற்குக் காரணமும் அதுதான்: அனுப்பச் செலவு மிகக் குறைவு, ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் லாபம்.

ஓட்டையை அடைக்கப் பிறகு மூன்று பூட்டுகள் வந்தன. நம் கொண்டோமினியங்களின் வாசலில் காவல் சாவடி இருக்கிறதல்லவா? வீட்டுக்காரர் முன்கூட்டியே பதிவு செய்த வண்டி எண் இருந்தால்தான் தடுப்புக் கம்பம் உயரும். எஸ்.பி.எஃப். என்ற முதல் பூட்டு அப்படிப்பட்டது. 'என் பெயரில் மடல் அனுப்ப இந்தக் கணினிகளுக்கு மட்டுமே அனுமதி' என்று டொமைனின் உரிமையாளர் இணையத்தின் பொதுப் பதிவேட்டில் எழுதி வைப்பார். மடலைப் பெறும் கணினி அதைப் பார்த்துச் சரிபார்க்கும்.

இரண்டாவது டி.கே.ஐ.எம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அனுப்பும் கணினி, மடலின் எழுத்துகளையெல்லாம் ஒரு கணக்கில் போட்டு 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாக மாற்றுகிறது. மடலில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் முழுவதும் வேறாகிவிடும். அந்த எண்ணை ஓர் இரகசியச் சாவியால் பூட்டி, கையொப்பமாக மடலோடு சேர்க்கிறது. அதைச் சரிபார்க்கும் இன்னொரு சாவி பொதுப் பதிவேட்டில் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். வழியில் யாராவது முன்பணம் கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றினால்கூடக் கையொப்பம் பொருந்தாது.

மூன்றாவது டிமார்க். நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியும், சரிபார்க்கப்பட்ட டொமைனும் ஒன்றுதானா என்று பார்க்கும். பொருந்தாத மடலை என்ன செய்வது என்பதையும் சொல்லும். நம் முன்னாள் மாணவி இந்த மூன்றையும் 'பிறகு பார்க்கலாம்' என்று தாண்டிவிட்டார்.

பூட்டுகளைக் கடந்தாலும் சொற்களைச் சோதிக்கும் வடிகட்டி ஒன்று காத்திருக்கிறது. படிவம் 4 கணிதத்தில் 'கெபாராங்காலியான்' என்று படிக்கும் நிகழ்தகவுதான் அதன் அடிப்படை. ஒருவருக்கு வந்த 1,000 மடல்களில் 400 ஸ்பேம், 600 நல்லவை என்று வைத்துக்கொள்வோம். 'தள்ளுபடி' என்ற சொல் ஸ்பேமில் 200 மடல்களிலும் நல்லவற்றில் 30 மடல்களிலும் வருகிறது. அப்படியானால் அந்தச் சொல் உள்ள 230 மடல்களில் 200 ஸ்பேம், அதாவது 87 விழுக்காடு. 'சாவி' என்ற சொல் ஸ்பேமில் 4, நல்லவற்றில் 36 என்றால் 10 விழுக்காடுதான். இப்படிப் பல சொற்களின் சான்றுகளைச் சேர்த்து வடிகட்டி முடிவெடுக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் தேற்றம் இது. இன்றைய வடிகட்டிகள் இதைவிடச் சிக்கலானவை என்றாலும் அடிப்படை எண்ணம் மாறவில்லை.

ஆனால் மாணவியை உண்மையில் கவிழ்த்தது பெற்றவர்களின் விரல்தான். 'இது ஸ்பேம்' என்று நாம் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அனுப்பிய டொமைனின் நற்பெயர் குறைகிறது. 2024 பிப்ரவரி முதல் கூகிள் கடைப்பிடிக்கும் விதிகளின்படி, இந்தப் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. 6,000 மடலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 18 பேர் போதும்! போதாததற்கு, விலைக்கு வாங்கிய பட்டியலில் செத்துப்போன முகவரிகள் நிறைய இருக்கும். ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கவே வைக்கப்பட்ட பொறி முகவரிகளும் இருக்கலாம். கெட்டுப்போவது டொமைனின் பெயர் என்பதால்தான் அந்தக் குடும்பத்துக்குப் போன தனி மடலும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

சரி, இத்தகைய பட்டியல்கள் எங்கிருந்து வருகின்றன? 2017 அக்டோபரில் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அப்போது மலேசியாவின் மக்கள்தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். நம் வீட்டு எண்களும் அதில் இருந்திருக்கலாம். 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ள 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-வது பிரிவு நமக்கு ஓர் உரிமை தருகிறது: 'என் விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்' என்று எழுத்து மூலம் நிறுவனத்திடம் கேட்கலாம். கேட்கவில்லையென்றால் ஆணையரிடம் போகலாம். ஆணையர் சொல்லியும் நிறுத்தாவிட்டால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அப்பா அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூன்று பூட்டுகளும் 'அனுப்பியது இந்த டொமைன்தான்' என்று மட்டுமே சொல்லும். அனுப்பியவர் நல்லவர் என்று சொல்லாது. மோசடிக்காரர் ஓர் எழுத்தை மாற்றிப் புது டொமைன் வாங்கி, முறைப்படி கையொப்பமும் போட முடியும். அதனால் வீட்டு விளம்பரத்தில் முகவரின் ஆர்.இ.என். எண் இருக்கிறதா என்று பார்த்து, முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்த்த பிறகே முன்பணம் பற்றிப் பேச வேண்டும்.

நம் மாணவி அந்தப் பட்டியலை அழித்துவிட்டார். இப்போது வீடு பார்க்க வருபவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, விருப்பமிருந்தால் முகவரி எழுதச் சொல்கிறார். போன வாரம்வரை 140 பேர் எழுதியிருக்கிறார்கள்.

நீங்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து ஒரு விளம்பர மடலுக்குள் போங்கள். வலப்பக்க மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மடலில் உள்ள இணைப்புகளை மட்டும் தொட வேண்டாம். மேலே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்றும் இருக்கும். அவற்றுக்கு எதிரே 'பாஸ்' என்று இருக்கிறதா, 'ஃபெயில்' என்று இருக்கிறதா? ஸ்பேம் பெட்டியிலிருந்து பத்து, இன்பாக்ஸிலிருந்து பத்து எடுத்து ஓர் அட்டவணை போடுங்கள்.